காதுக்குள்ளே என்ன ஓடுது?

"இப்போ என்ன பாட்டு கேட்டுட்டிருக்கீங்க?"

சாதாரணக் கேள்விதான். ஆனால், இன்கம்டாக்ஸ் ஆபீஸரிடம்கூட உண்மையைச் சொல்லிவிடுகிற மனுஷர்கள் இந்தக் கேள்விக்குக் கூசாமல் பொய் சொல்வார்கள். முதல் பொய்யன் அடியேன்.

பெண் பார்க்கப் போன இடத்தில், 'அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாங்க' என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டு அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இது. "கர்னாடிக் நிறைய... அப்புறம் கொஞ்சம் ஜாஸ்" என்றேன். சத்தியமாக, அந்த வாரம் பூரா என் செல்போனில் ஓடியது தேவாவின் கானா. ஜாஸை நாலு பேர் வாசிப்பார்களா, நாற்பது பேர் வாசிப்பார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. "அப்படியா? எனக்குக் கானாதாங்க உசிரு" என்றாள் அவள். இன்று என் சம்சாரம். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், "ஏங்க, அந்த ஜாஸை எடுத்துப் போடுங்களேன்" என்று மானத்தை வாங்குகிறாள்.

ஏன் இந்தப் பொய்? கேட்கிற பாட்டை வைத்து ஆளுக்கு மார்க் போடுகிற பழக்கம் நமக்கு. கானாவா, மட்டம். கச்சேரியா, உசத்தி. இங்கிலீஷ் பாட்டா, கான்வென்ட்!

முத்துசுவாமி தீட்சிதருக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 1835-ல் காலமானவர் அவர். மெட்ராஸுக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். காதைப் பொத்திக் கொள்ளவில்லை. அந்த மாதிரி மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதிவிட்டார்! 'நோட்டு ஸ்வரம்' என்பார்கள். முப்பதுக்கும் மேலே இருக்கிறது. அதில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டின் மெட்டு, இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற அவர்களுடைய தேசிய கீதம். திண்ணையில் யாராவது தீட்சிதரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "கோட்டை பேண்டு" என்று சொல்லியிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு வேறு ஜாதிப் பாட்டை அறிமுகப்படுத்தியவர் ஒரு கேஸட் கடைக்காரர். சித்தப்பா ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணிய தொண்ணூறு நிமிஷக் கேஸட் ஒன்று வீட்டில் இருந்தது. பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். லிஸ்ட் தீர்ந்தும் டேப் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். சித்தப்பாவின் காதல் தோல்விப் பாட்டுக்கள் (அது தனிக்கதை) வரிசையாக அழுது முடித்ததும், திடீரென்று வயலின்கள் கிளம்பும். பாடகர் இல்லை, வரிகள் இல்லை. எனக்கு என்னமோ பண்ணும். நன்றாகச் சூடு பிடிக்கும்போது 'டப்'பென்று டேப் தீர்ந்துவிடும்.

மிச்சம் என்ன என்று தெரியாமலே பத்து வருஷம் போயிற்று. பி.காம். படிக்கும்போது ஹாஸ்டலில் பக்கத்து ரூமில் அதே வயலின்! ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். இளையராஜா, 1986, 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் அவர் வைத்த காணிக்கை. வயலின் வி.எஸ்.நரசிம்மன். பத்து வருஷமாகப் பேர் தெரியாமல் தேடிய பாட்டுக்குப் பேரே 'இதுக்கு என்ன பேர் வைக்கிறது?' என்றால் எப்படி இருக்கும் எனக்கு?

இன்றைக்கு அந்தக் கடைக்காரர் வேலையைச் செல்போன் பார்க்கிறது. மூணு சோகப் பாட்டு கேட்டால் நாலாவதும் சோகமாகவே கொடுக்கும். 'இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்று கணக்கு. கணக்கு கரெக்ட்தான். பி.காம்.காரன் சொல்கிறேன், டாலியாகிற கணக்கில் ஆச்சரியம் எதுவும் வராது.

1979 ஜூலையில் ஸோனி கம்பெனி ஜப்பானில் முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டபோது, அதில் ஹெட்போன் மாட்ட ரெண்டு துளைகள் இருந்தன. தெரியுமோ? ஒருத்தர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார் அதன் தலைவர் அகியோ மொரிட்டா. பாட்டுக்கு நடுவில் ரெண்டு பேரும் பேசிக்கொள்ள ஒரு பட்டன்கூட உண்டு. ஜனங்கள் என்னவோ தனித்தனியாகத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பின்னால் வந்த மாடல்களில் ரெண்டாவது துளை போயே போச்சு.

நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருந்தபோது, நாலு மணி டீக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். அதே கேள்வி. வாயால் பதில் சொல்லக்கூடாது. கடைசியாக ஓடிய பாட்டைச் செல்போனில் காட்டணும். அவ்வளவுதான் ரூல்.

முதல் நாளே கேஷியர் ஸார் மாட்டினார். நெற்றி நிறைய விபூதி, ரிட்டயராக மூணு வருஷம். காவடிச் சிந்துவோ கந்த சஷ்டியோ என்று எட்டிப் பார்த்தால், மெட்டாலிகா! "பையன் கனடாவில இருக்கான். அதிகம் பேசமாட்டான். அவன் கேக்கறதையாவது கேப்போமேன்னு..." என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஜூனியர் பையன் ஒருத்தன், சோழவந்தான் பக்கம். அவன் மட்டும் காட்டவே மாட்டேன் என்றான். 'என்னடா, ஒரு மாதிரியான ஐட்டமா?' என்று கலாட்டா பண்ணினார்கள். நானும்தான். கடைசியில் முகம் சிவந்துபோய், காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

காற்று இரைச்சல். சளக் சளக்கென்று தண்ணீர். ஒரு கிழவி ஓர் அடி பாடுகிறாள். பத்துப் பெண்கள் திருப்பிப் பாடுகிறார்கள். நடுவில் குலவை.

"யாருடா?"

"எங்க அப்பத்தாண்ணே. நடவு நட்டப்ப எடுத்தது. இதான் கடைசி. இப்ப எங்க ஊர்ல மெஷின் நடவு."

மொத்தமே நாலு நிமிஷம். பாட்டு அதைவிட ரொம்பப் பெரிசு. மிச்சமெல்லாம் கிழவியின் ஞாபகத்தில். அந்த ஞாபகம்தான் இப்போது தகராறு. பேரனையே 'நீ யாரு வீட்டுப் பய?' என்று கேட்கிறாளாம். ஆனால், ஞாயிற்றுக்கிழமை போனில் இந்த ஆடியோவைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், சில நாள் அடுத்த அடியை அவளே எடுத்துப் பாடுகிறாள். இவன் அதை எழுதிக் கொள்கிறான். எதில்? பில் பேப்பரின் பின்பக்கத்தில்.

மறுநாள் கேஷியர் ஸார் ஒரு புது லெட்ஜர் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தார். "இதுல எழுது. லேசில கிழியாது" என்றதோடு சரி, பணம் எண்ணப் போய்விட்டார்.

நான் வேலையை விட்டு ரெண்டு வருஷமாகிறது. போன மாசம் அவனுக்குப் போன் பண்ணினேன். முப்பத்தோரு அடி சேர்ந்திருக்கிறதாம். ஒரு அடியில் ஏதோ ஒரு வார்த்தை மட்டும் விளங்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கூட நட்ட பொம்பளைகளிடம் விசாரிக்கணும் என்றான்.

"அந்த ஆடியோவை எனக்கும் அனுப்புடா."

"அனுப்புறேண்ணே. நீங்க இப்ப என்ன கேட்டுட்டிருக்கீங்க?"

"கானா" என்றேன். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.