பசிக்கு முன்னால் ஒரு சீட்டு

2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. சோதித்த 171 மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ் சொன்னார். ஜூனில் கபாபுக்கும் அதே தடை வந்தது. 2025 பிப்ரவரியில் இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் விரித்து வேகவைப்பதற்கும் தடை.

பெங்களூரில் இருக்கும் யாருக்கும் இவை புதுச் செய்தி இல்லை. ஆனாலும் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, இரவு ஒன்பது மணிக்கு மடிவாளாவில் இறங்குகிறவர் கடைக்காரரிடம் "இதில் என்ன கலர் போட்டீங்க?" என்று கேட்கப் போவதில்லை. செல்பேசியில் பத்து நிமிடத்தில் வரும் பிரியாணியை அழுத்துகிறவரும் அதன் கலோரிக் கணக்கைத் தேடப் போவதில்லை. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமைகள் எல்லாம் கேட்பதற்கும் படிப்பதற்குமான உரிமைகள். பசித்தவனுக்கு இரண்டுக்கும் நேரம் கிடையாது. வாரச் சாப்பாட்டை முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதி முடிவு செய்யச் சொல்வதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், இந்த நேரம்தான். இடுப்பளவு குறைவதெல்லாம் அதற்கு அப்புறம்.

உடம்பைப் பற்றிய கவலையும் வீண் இல்லை. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நகரத்து ஐ.டி. ஊழியர்கள் 345 பேரைச் சோதித்து 2025இல் வெளியிட்ட முடிவின்படி, 84 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. உட்கார்ந்த வேலை, கெட்ட தூக்கம், வேளை தப்பிய சாப்பாடு: பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியின் கதையும் இதுதானே.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் தங்குவது பீஜி என்னும் தனியார் விடுதியில். அவர்களுடைய திட்டம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பெங்களூரு மாநகராட்சி பீஜிகளுக்கு விதிகள் வகுத்தது. ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி இடம், நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர். சமையலறை இருந்தால் தொழில் உரிமம் பெற்ற மூன்று மாதத்துக்குள் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமும் வாங்கியாக வேண்டும். அந்த உரிமத்தின் 14 இலக்க எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். வார மெனுவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு சாப்பாடு உண்டா, ஃபிரிட்ஜைப் பயன்படுத்தலாமா, சாப்பிடாத நாளுக்குப் பணம் கழிப்பார்களா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வையுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் சாட்சிக்கு உதவாது.

சரி, சமைக்க வசதி இருந்தால் சீட்டில் என்ன எழுதுவது? ஏழு நாளைக்கும் மூன்று வேளை எழுதுகிறவர்கள் புதன்கிழமையே கைவிட்டுவிடுகிறார்கள். நேரமாகிக் கடையில் வாங்கிவிடும் ஆபத்தான நாலு இரவுகளுக்கு மட்டும் எழுதினால் போதும். ஒரு நாள் ராகி தோசை, கடலைச் சட்னி. ஒரு நாள் தட்டைப்பயறுக் குழம்பும் சோறும், பக்கத்தில் கேரட்டும் வெள்ளரியும். ஒரு நாள் முட்டைப் பொரியலும் சப்பாத்தியும். இன்னொரு நாள் கீரைக் கூட்டு. மார்கழியில் அவரைக்காய் குவியும்போது அதையே இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். காய்க்கும் கீரைக்கும் 1959 முதல் நடக்கும் ஹாப்காம்ஸ் கடைகள் இருக்கின்றன. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதல்படி தட்டில் பாதி காய், கீரை, பழமாக இருக்க வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமைத் தாண்டக் கூடாது. நம் தட்டில் பாதி சோறு, மீதி குழம்பு. மாற்ற வேண்டியது அந்த அளவைத்தான். உணவையே மாற்ற வேண்டியதில்லை.

மொத்தமாகச் சமைத்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சமைத்தது எதுவும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குறிப்பாகச் சோறு. அதில் தங்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து, சின்னச் சின்ன டப்பாக்களில் 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். சாப்பிடும்போது வேண்டியதை மட்டும் கொதிக்கச் சூடாக்குங்கள். இரவெல்லாம் கரண்ட் போயிருந்தால் அந்தக் குழம்பைப் பார்த்து மனம் இளக வேண்டாம், கொட்டிவிடலாம்.

பொட்டலம் வாங்கினால் முன்பக்கத்து வாசகத்தை விட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. 'மல்ட்டி கிரெயின்' பிஸ்கட்டில் முதலில் மைதா இருந்தால் அது மைதா பிஸ்கட்தான். பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்களும் மத்திய உரிமம் உள்ளவையும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி அளவைக் காட்ட வேண்டும். 2022 ஜூலை முதல் இது கட்டாயம். டெலிவரி செயலிகளும் இதைக் காட்டியாக வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்கள் பற்றிய தகவலும் அங்கே இருக்க வேண்டும்.

கெட்ட உணவு வந்துவிட்டால்? மீதியைத் தூக்கிப் போடாமல் பில், பொட்டலம், தேதி தெரியும்படி படம் எடுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் பதியலாம். டெலிவரி செயலி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசைந்து கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் ஈ-ஜாக்ருதி தளத்தின் வழியாகவே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பலருக்கும் தெரியாத இன்னொன்று: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, எந்த நுகர்வோரும் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதிக்கக் கொடுக்கலாம். பண்டம் விதிப்படி இல்லை என்று அறிக்கை சொன்னால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.