திறந்தால் இறங்கும் காந்தம்

கோவையிலிருந்து லேத் பட்டறைக்காரர் ஒருவர் கேட்கிறார்: அப்பா காலத்து டயல் கேஜ் ஸ்டாண்டின் காந்த அடிப்பாகத்தைக் கழற்றி, துரு துடைத்து, மறுபடி பூட்டினாராம். அன்றிலிருந்து பிடிப்பே இல்லை. சுத்தம் செய்தால் காந்தம் கெடுமா?

கெடும், துடைத்ததால் அல்ல, கழற்றியதால். அந்தக் காலத்து அடிப்பாகங்களில் பெரும்பாலும் இருப்பது அல்நிகோ. இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலவை. 1931இல் ஜப்பானில் மிஷிமா என்ற உலோகவியலாளர், நிக்கல் எஃகில் அலுமினியத்தைச் சேர்த்துப் பார்த்ததில் தொடங்கிய வம்சம். சூட்டுக்கு அசராது. எதிர்க் காந்தப்புலம் என்றால் மட்டும் சட்டென்று பணிந்துவிடும்.

அந்த எதிர்ப்புலத்தை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அலுக்காத வேடிக்கை. காந்தத்தின் இரண்டு முனைகளுமே சேர்ந்து அதன் உடம்புக்குள் எதிர்த்திசைப் புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. சுற்றிலும் இரும்பு இருக்கும்வரை காந்தக்கோடுகள் அதன் வழியே சுற்றிவந்துவிடும். எதிர்ப்புலம் அடங்கிக் கிடக்கும். அடிப்பாகத்தின் குமிழை 'ஆஃப்' பக்கம் திருப்பும்போதும் காந்தம் அணைவதில்லை, கோடுகள் பக்கத்து இரும்புக்குள்ளேயே சுருண்டுகொள்கின்றன. காந்தத்தைத் தனியே உருவினால் போச்சு. எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவும் இப்படித்தான்: திறந்து வைத்தால் மணம் போகும், பிறகு எவ்வளவு இறுக்கி மூடினாலும் போனது வராது. லாடக் காந்தத்தின் முனைகளில் இரும்புத் துண்டு ஒட்டிக் கொடுப்பது இதற்காகத்தான். பள்ளி ஆய்வகத்தில் முதலில் தொலைவதும் அந்தத் துண்டுதான். அதைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

காந்தத்தைக் குறை சொல்லுமுன் அடித்தளத்தைத் தடவிப் பாருங்கள். ஒரு பிசிறு, மெல்லிய துருப்படலம் போதும், பிடிப்பு குறைய. அது சரியாக இருந்தால்தான் காந்தமேற்றும் வேலை. இனிக் கழற்றவே கூடாது. குமிழை 'ஆன்' நிலையில் வைத்து, வலுவான டிசி மின்காந்தத்தின் இரு முனைகள்மேல் அடிப்பாகத்தை உட்கார வையுங்கள். வடக்கும் தெற்கும் எதிரெதிராகச் சேர்கின்றனவா என்று முதலில் திசைகாட்டியால் பார்த்துக்கொள்ளுங்கள். அல்நிகோவுக்குச் சுமார் 3,000 ஓர்ஸ்டெட் புலம் வேண்டும். ஒரு கணம் போதும். அதற்குமேல் மின்சாரம் விட்டால் சுருள்தான் சூடாகும். பள்ளியில் ஊசியைத் தேய்த்தது போல இதைத் தேய்த்துப் பயனில்லை. வீட்டு ஏசி மின்சாரத்தைச் சுருளில் விடுவது அதைவிட மோசம்: காந்தத்தை இறக்கும், ஆளையும் அடிக்கும்.

நிலைக்காந்தம் கொண்ட பழைய எஞ்சின் மேக்னெட்டோக்களைப் பழுதுபார்த்தவர்கள் இந்த வேலையைச் சாதாரணமாகச் செய்தார்கள். இப்போது பிடிப்பு குறைந்தால் காயலான் கடைதான். அங்கே உள்ளிருக்கும் நிக்கலும் கோபால்டும் பழைய இரும்பு விலைக்கே எடை போடப்படுகின்றன.