பொம்மைக்குக் கட்டுங்கள் புடவையை!

மலைக்கோட்டை அடிவாரத்துத் துணிக்கடைகளைப் பாருங்கள். வாசலிலே வரிசையாகப் பொம்மைகள்! வந்த சரக்கை அவற்றின்மேல் சுற்றிக் காட்டுகிறார் கடைக்காரர். குண்டூசி குத்தினாலும் பொம்மை கோபிப்பதில்லை. அதற்குப் பதிலாக, வீதியிலே போகும் பெண்ணைக் கேளாமல் இழுத்து வந்து நிறுத்தினால் விடுவோமா? ஊரே திரண்டுவிடாதா?

அந்த நியாயம் கணிப்பொறி உலகத்துக்கும் உண்டு என்கிறோம் நாம்.

தொழிலாளரின் வருகைப் பதிவுக்கு ஒரு மென்பொருள் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குப் பக்கத்தில் படம் ஒழுங்காக உட்காருகிறதா என்று வெள்ளோட்டம் பார்க்க நூறு முகம் வேண்டும். அடையாள அட்டைக்காகப் பொன்மலைத் தோழர் கொடுத்த படம் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கிறது. எடுத்துப் போட்டால் ஐந்து நிமிட வேலை! ஆனால், சோதனைக்குப் போன படம் பத்துப் பேர் கைக்குப் போகும்; செயல்விளக்கத்துக்கும் போகும். கொடுத்தவருக்குத் தெரியாது. அவரைக் கேட்டவரும் இல்லை.

இப்படியும் நடக்குமா என்பீர்கள். நடந்திருக்கிறது! 1972 நவம்பர் பிளேபாய் இதழிலே வந்த லேனா என்ற சுவீடன் பெண்ணின் படத்தை, 1973-ல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியில் ஏற்றினர். படத்தைச் சுருக்கும் முறைகளைச் சோதிக்க உலகமே அந்த முகத்தை எடுத்தாண்டது. அவரிடம் அனுமதி கேட்டார்களா? இல்லை! ஐம்பது ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 1 முதல்தான், ஐஇஇஇ கணிப்பொறிச் சங்கம் தன் ஆய்விதழ்களில் அந்தப் படத்தை ஏற்பதில்லை என்றது.

வேறு வழி என்ன? பொம்மைதான்! சாம்பல் நிறத்தில் தலையும் தோளும் கொண்ட நிழலுருவம் போதும். அல்லது, வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்து. அதிலே நமக்கொரு லாபமும் உண்டு. 'மு' என்பதை 'ம' என்றும் உகரக் குறி என்றும் இரண்டாகப் பிரித்தே கணிப்பொறி சேமிக்கிறது. முதல் துண்டை மட்டும் வெட்டி எடுத்தால், முத்து 'ம' ஆகிவிடுவார். கோதை 'க' ஆகிவிடுவார்! ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை தெரியுமா? தமிழ்ப் பெயரிட்ட பொம்மை அதைக் காட்டிக்கொடுக்கும்.

நவல்பட்டிலும் சென்னையிலும் மென்பொருள் செய்யும் தம்பிகளே, தங்கைகளே! வெள்ளோட்டத்துக்குப் பொம்மையை வையுங்கள். ஆலைத் தோழர்களே! படம் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். சோதனைக்கும் எடுப்பீரோ என்றும் கேளுங்கள்.

கூலிக்குக் கொடுத்தது உழைப்பை, முகத்தை அல்ல!