பூனாகலைப் பெண்: ஒரு குடியேற்றக் குறிப்பு

கோப்பிக் காலத்தில் மலையகம் வந்தோரிற் பெரும்பாலோர் பருவகால ஆண் தொழிலாளரே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் தேயிலை அதனிடத்தைப் பெற்றது. பூனாகலை போன்ற ஊவாத் தோட்டங்களிற் குடும்பங்கள் நிலைகொண்டமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

அக்குடும்பங்களின் அச்சாணி பெண்ணே. விடியுமுன் அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, கூடையுடன் மலையேறியவள், மாலையில் லயத்து அடுப்பிற்கே மீண்டாள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழும் அவளுக்கு ஆணினும் குறைந்த கூலியே விதிக்கப்பட்டது. அவ்வேறுபாடு 1984இலேயே நீங்கியது. அக்கூலியையும் பல குடும்பங்களிற் கணவனோ தந்தையோ பெற்றுக்கொண்டான்.

அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியர் பலர் பூர்வகுடிகளின் நிலத்துக்கு உடைமையாளராயினர். காட்டைத் தோட்டமாக்கிய இக்குடும்பங்களோ நிலமற்றே நின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலானவை குடியுரிமையும் இழந்தன. நாட்கூலியாக மட்டுமே கணக்கிடப்பட்ட அவளை மலையகத்தின் முன்னோடியாகவே நாம் கொள்கிறோம்.