சைனா அரிசி

களுத்துறைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிறந்தவன் நான். அப்பா பால் வெட்டுகிறவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, போய்விடுவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது. பட்டையைச் சாய்வாக நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தி ஆழம் போனால் மரம் புண்ணாகும், கங்காணியின் வாயும் திறக்கும். சொட்டுச் சொட்டாய்ச் சிரட்டையில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தால், அங்கே அசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் தள்ளி, புகைபோட்டு, தேன் நிற ஷீட்டாக எடுப்பார்கள். மழை நாளில் வெட்டு இல்லை.

அந்த ஷீட் எங்கே போகிறதென்று அப்பாவுக்குத் தெரியும். “சைனாவுக்கு. அவன் அரிசி அனுப்புறான், நாம பால் அனுப்புறோம்” என்பார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒரே வரியில் சொன்ன இந்தச் சங்கதிக்குத்தான் பிறகு நான் புத்தகம் புத்தகமாகத் தேடி அலைந்தேன்.

1948இல் சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையின் கையில் இருந்தவை தேயிலை, இறப்பர், தெங்கு, இவ்வளவே. சாப்பிடும் அரிசியில் பெரும்பங்கு கப்பலில் வர வேண்டும். கொரியப் போர் தொடங்கியதும் இறப்பர் விலை எகிறியது. ஓராண்டு தாண்டியதும் சரிந்தது. அமெரிக்காவிடம் செயற்கை இறப்பர் இருந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. விற்பது மலிவு, வாங்குவது கிராக்கி.

சீனாவுக்கு இறப்பர் வேண்டும், கொடுக்க ஆளில்லை. போர்த் தளவாடத்துக்கு உதவும் சரக்கு எதையும் அங்கே அனுப்பக் கூடாதென்று 1951 மே மாதம் ஐ.நா. தடை போட்டிருந்தது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. சோவியத் யூனியன் வீட்டோ போட்டு வெளியே நிறுத்தியிருந்தது; 1955இல்தான் இடம் கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் மூடிய கதவு கம்யூனிஸ்டுகளோடு வியாபாரம் பண்ண வசதியாய்ப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஆட்சியில் இருந்ததோ சிவப்பென்றாலே முகம் சுளிக்கும் ஐக்கிய தேசியக் கட்சி. ஆனாலும் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீக்கிங் போனார். 1952 டிசம்பர் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தாண்டுக்கு, வருடம் 50,000 தொன் இறப்பர். பதிலுக்கு 2,70,000 தொன் அரிசி. இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதல் வேறு. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை மறுத்தது. இலங்கைக்கும் சீனாவுக்கும் தூதரக உறவே 1957இல்தான். வியாபாரம் முந்தியது, தூதர் பிந்தியவர். ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை ஓடியது.

அரிசி வந்தும் ஆட்சிக்கு நிம்மதி இல்லை. மானியத்தைக் குறைத்து, 25 சதமாக இருந்த கூப்பன் அரிசியை 1953இல் 70 சதமாக்கினார்கள். ஆகஸ்டில் ஹர்த்தால், துப்பாக்கிச் சூடு. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

கப்பலில் போன பாலை வெட்டியவர்களில் எங்கள் ஆட்களும், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களும், உண்டு. அதே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. ஒப்பந்தம் போட்ட வருடம் நடந்த தேர்தலில் அப்பாவுக்கு வாக்கு இல்லை. 1964 அக்டோபரில் டெல்லியில் இன்னொரு கையெழுத்து, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் எங்கள் ஆட்களைப் பற்றிப் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அரிசிக்கும் இறப்பருக்கும் எழுதிய மாதிரியே தலைக்கணக்கு. கணக்கில் சேர்க்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்தப்பா இந்தியப் பக்கத்தில் விழுந்தார். வாளியையும் பால்கத்தியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். கர்நாடகத்தில் சுள்ளியாப் பக்கம், தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசாங்கம் போட்டிருந்த இறப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து வந்த முதல் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“அண்ணே, இங்கயும் பால் வெட்டுத்தான். கத்தி புதுசா குடுத்திருக்காங்க. அரிசி மட்டும் செவப்பா, மொத்தமா இருக்கு. புள்ளைங்க சாப்பிட மாட்டேங்குதுங்க.”