பழுதடைந்த மடிக்கணினியிலிருந்து கோப்புகளை மீட்டல்

பழுதடைந்த மடிக்கணினியிலிருந்து கோப்புகளை மீட்டல் என்பது, இயங்காமல் போன மடிக்கணினியின் சேமிப்பகத்தில் உள்ள ஆவணங்கள், ஒளிப்படங்கள் முதலியவற்றை வேறொரு கருவிக்கு மாற்றி எடுக்கும் பணியாகும். கணினியைப் பழுதுபார்ப்பதும் கோப்புகளை மீட்பதும் இருவேறு வேலைகள். திரை உடைந்தாலும் தாய்ப்பலகை எரிந்தாலும் வன்தட்டு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதே வன்தட்டை ஃபார்மட் செய்து விண்டோசை மீண்டும் நிறுவினால் கணினி ஓடும், கோப்புகள் போய்விடும். எனவே கோப்புகளை எடுத்த பின்னரே பழுது நீக்கத் தொடங்க வேண்டும்.

பழுதை அறிதல்

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாவிட்டால் முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் சோதிக்க வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரியானால் அதை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சுமார் 30 நொடி அழுத்திப் பிடித்து, பின் சார்ஜரில் மட்டும் இயக்கிப் பார்க்கலாம். வீங்கிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வடத்தில் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பது நல்லது. அதில் படம் தெரிந்தால் பழுது திரையிலோ அதன் வடத்திலோதான். கோப்புகளை அப்படியே நகலெடுக்கலாம். எதிலுமே படம் வராவிட்டால் ரேமைக் கழற்றி மீண்டும் செருகிப் பார்க்கலாம். இவ்வளவு எளிய செயலால் உயிர்பெறும் பழைய கணினிகள் உண்டு. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து, நிறுவாமலேயே இயக்கி, கோப்புகளை வெளித்தட்டுக்கு மாற்றலாம்.

வன்தட்டை வெளியே எடுத்தல்

கணினி அறவே இயங்காவிட்டால் வன்தட்டைக் கழற்ற வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இது பெரும்பாலும் 2.5 அங்குலத் தட்டு; சில திருகுகளை நீக்கினால் கைக்கு வந்துவிடும். சாட்டா-யூஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலம் வேறொரு கணினியில் வெளித்தட்டாகவே இதை இணைக்கலாம். மிகப் பழைய தட்டுகளில் 44 ஊசி ஐடிஇ இணைப்பு இருக்கும். அதற்கான மாற்றி வேறு. சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட புதிய கணினிகளில் இவ்வழி இல்லை. இந்த ஒன்றில் பழைய கணினிகளே மேல்.

தட்டு டிக் டிக் என ஒலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். படிக்கும் முனை பழுதடைந்திருக்கக்கூடும். ஒவ்வொரு சுழற்சியும் மேலும் சேதம் செய்யலாம். வீட்டில் அதைத் திறப்பது பயனற்றது. தட்டின் பரப்புக்கு மிக நெருக்கமாக முனை மிதப்பதால் ஒரு தூசி விழுந்தாலே கெடும். இதற்குத் தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையங்களே வழி.

ஒலி இன்றி, சில பகுதிகள் மட்டும் படிக்க முடியாதிருந்தால் குனு டிடிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்டவற்றுக்குப் பின்னர் திரும்பி வருவது இதன் முறை. அழிந்த பிரிவுகளை மீட்க டெஸ்ட்டிஸ்க்கும், நீக்கப்பட்ட கோப்புகளை அவற்றின் தொடக்க பைட்டுகளைக் கொண்டு அடையாளம் காண ஃபோட்டோரெக்கும் பயன்படுகின்றன. ஃபோட்டோரெக் மீட்டவற்றுக்குப் பழைய பெயர்கள் பொதுவாக இரா. மீட்டவற்றை அதே தட்டில் எழுதக் கூடாது. எஸ்எஸ்டியில் ட்ரிம் செயல்பட்டிருந்தால் நீக்கிய கோப்புகள் திரும்புவது அரிது. பிட்லாக்கரால் பூட்டிய தட்டுக்கு 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவைப்படலாம்.

தமிழ்க் கோப்புகள்

மீட்ட பழைய தமிழ் ஆவணம் புரியாத குறிகளாகத் திறந்தால், கெட்டுவிட்டதென்று அழித்துவிடக் கூடாது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, டாப், டாம், திஸ்கி முதலிய குறியேற்றங்களில் தமிழ் தட்டச்சிடப்பட்டது. பாமினியில் புள்ளியின் இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். ஆங்கில எழுத்துகளுக்கிடையே அரைப்புள்ளிகள் மிகுந்திருந்தால் அது பாமினியாக இருக்கலாம். வேர்டு ஆவணமானால் எழுத்துருவின் பெயர் உள்ளேயே இருக்கும். அவ்வெழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். வெற்று உரைக்கோப்பில் அக்குறிப்பு இராது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் ஒவ்வொரு குறியேற்றமாகத் தேர்ந்து பார்க்க வேண்டும். சரியானது அமைந்ததும் ஒருங்குறியில் சேமித்து, இரண்டு இடங்களில் நகல் வைக்கலாம்.