செவ்ரோலே பெல் ஏர், 1957
ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கா

செவ்ரோலேயின் ஒன்-ஃபிஃப்டி, டூ-டென், பெல் ஏர் ஆகிய மூன்று வரிசைகளில் உயர்ந்தது இது. தங்க நிற முன் கிரில், முன் மட்கார்டுகளில் மும்மூன்று தங்க நிற அலங்காரங்கள், பின்பக்கவாட்டில் வரிவரியான அலுமினியத் தகடு ஆகியவை இதன் அடையாளங்கள்.

பானெட்டைப் பாருங்கள். செவ்ரோலே என்ற எழுத்துக்குக் கீழே ‘வி’ சின்னம் இருந்தால் எட்டு சிலிண்டர் எஞ்சின். இல்லையென்றால் ஆறு சிலிண்டர்.

பெட்ரோல் நிரப்பும் வாய், இடது வால்துடுப்பின் குரோம் பட்டைக்குள் மறைந்திருக்கிறது.

ரேடியோ, பவர் ஸ்டீயரிங், ஏர் கண்டிஷனர், ஆட்டோமேட்டிக் கியர் ஆகியவற்றைக் கூடுதல் விலை கொடுத்துத் தொழிற்சாலையிலேயே பொருத்திப் பெற முடிந்தது. எஞ்சின் தெரிவுகளில் மிக வலியது, கார்புரேட்டருக்குப் பதிலாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்ட 283 குதிரைத்திறன் எஞ்சின். அதைப் பெற்ற கார்களின் முன் மட்கார்டில் ‘ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்’ என்ற எழுத்து பதிக்கப்பட்டிருக்கும்.